வேலிக்குள் ஆடியவர்கள்

கோட்-டெ-நெய்ஜ் என்ற பிரெஞ்சு பேசும் நகர்ப்பகுதியில், முதியோர் இல்லமொன்றில் நான் வேலை செய்த காலம் அது. என்னோடு ஒரே மாடியில் வேலை செய்தவள் பிலிப்பைன்ஸின் வடக்கு மலைநாட்டுக்காரி, இகோரோட் இனத்தவள். முதியவர்களைத் தூக்கித் தூக்கி இருவருக்கும் ஒரே இடத்தில் முதுகு வலி. உடைந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாகக் கதைத்துக்கொள்வோம்.

ஒருமுறை எங்கள் மேலாளர் அம்மாவுக்குப் பல்பண்பாட்டு விழா நடத்தும் ஆசை வந்தது. நான் சேலை கட்டி வடை சுட்டுவர வேண்டுமாம். அவள் மலைநாட்டு உடுப்போடு ஆட வேண்டுமாம். அதற்கு விளம்பரமாக, இணையத்தில் கிடைத்த பழைய படமொன்றைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டார். கோவணம் கட்டிய ஆண்கள் வட்டமாக ஆடுகிறார்கள். பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கூட்டம்.

அவள் படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்கட ஊர் இல்லை. அமெரிக்காவில நடந்த கண்காட்சி," என்றாள். "எங்கட ஆக்களைக் கப்பலில ஏத்திக்கொண்டு போய் வேலிக்குள்ள வைச்சுக் காட்டினவங்கள். என்ர பூட்டனும் போனவர். ஊரில சடங்குக்கு மட்டும்தான் நாய் அறுக்கிறது. அங்க சனம் பாக்க வேணுமெண்டு திரும்பத் திரும்ப அறுக்க வைச்சவங்கள்."

மேலாளரிடம் போய்ச் சொன்னோம். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"உங்கட சொந்தப் பூட்டனோ? எவ்வளவு அருமை! மேடையில அதைச் சொல்லுங்கோவன்!"

எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கொட்டினேன். "அது விழா இல்லை மேடம். மிருகங்களைப் போல காட்சிக்கு வைச்சது." நாங்கள் எல்லாவற்றையும் பெரிதாக எடுக்கிறோமாம். புன்னகைத்துவிட்டுப் போனார்.

ஆற்றாமல் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு மனுசன் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப அவள் நாய் தின்னுறவளோ?"

அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை. காய்ந்த பாண் துண்டைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலை தொடங்குமுன் அவளே கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். மேலாளர் வந்தபோது படம் அவள் கையில் சுருண்டிருந்தது.

"நான் ஆட மாட்டன். இதைத் திருப்பித் தரவும் மாட்டன்," என்றாள்.

மேலாளர் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். ஆனால் மத்தியானத்துக்குள் அதே சுவரில் பிலிப்பைன்ஸின் கடற்கரையும் தென்னைமரமும் படமாக வந்துவிட்டன. அவள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் மலையிறங்க வேண்டும்.

விழாவன்று நானும் சேலை கட்டவில்லை. இருவரும் வேலைச் சட்டையோடு, கை நடுங்கும் இரண்டு கிழவிகளுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தோம். மேடையில் மேலாளரே யாரோ கொடுத்த சால்வையைப் போர்த்துக்கொண்டு ஆடினார். ஆடி முடித்து, கைதட்டச் சொல்லி எங்கள் பக்கம் பார்த்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவேயில்லை.