நடைபாதையில் ஒரு சிக்குக் கோலம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இதைக் கேட்டதும் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் இருக்கிற பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அந்தத் தொல்லை குறைவு. வெள்ளைத் தடியோடு நடக்கிற எங்கள் கூட்டம் இங்கே அவ்வளவு பெரியது. எங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே இந்தத் தெருக்காரர்களுக்குப் பொறுமை வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு மசாஜ் கடையில் எனக்கு வேலை. மனைவி இறந்த பிறகு அடுக்குமாடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். ஒரே மகள், கல்யாணமாகி கிள்ளான் பக்கம் மேரு என்கிற ஊரில் இருக்கிறாள். என்னையும் அங்கே அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் பிடிவாதம். மேருவில் என்ன இருக்கிறது? தொழிற்சாலை, லோரி, மறுபடியும் தொழிற்சாலை. வீட்டை விட்டு இறங்கினால் கால் வைக்க நடைபாதை கிடையாது. அங்கே போனால் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற லோரி பெரிதா சின்னதா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடைசியில் எங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்தது. "நீங்க தனியா வேலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் அங்கயே இருங்கப்பா. முடியலன்னு தெரிஞ்சுச்சு, அப்புறம் கேக்கவே மாட்டேன், காரோட வந்துடுவேன்" என்றாள். அதனால் எனக்கு நடை என்பது வெறும் நடை இல்லை. என் வீடு, என் வேலை, என் சுதந்திரம் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துச் சாலையைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். மாதக்கணக்கில் தோண்டினார்கள், மூடினார்கள், மூடியதை மறந்துபோய் மறுபடி தோண்டினார்கள். ஒருவழியாக எங்களுக்கான மஞ்சள் கற்களை நடைபாதையில் பதித்துவிட்டதாகச் சேதி வந்தது. அந்தக் கற்களின் பாஷை ரொம்ப எளிது. தடியில் மேடாக நீளக் கோடு தட்டுப்பட்டால் நட. புள்ளி தட்டுப்பட்டால் நில், முன்னால் சாலை கடக்கும் இடமோ வேறு ஏதோ இருக்கிறது. அவ்வளவுதான்.

முதல் நாள் காலை புது மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன். தடி கோட்டைப் பிடித்தது. நடந்தேன். உடனே புள்ளி. நின்றேன். காதைத் தீட்டிக் கேட்டேன், வண்டி எதுவும் இல்லை. மறுபடி கோடு. அது வளைந்தது. சாலையையே வளைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் வளைந்தேன். பூக்கடை மல்லிகை வாசம் வந்தது. அப்புறம் முச்சந்தி மரத்தடிப் பிள்ளையாரின் கற்பூர வாசம். அப்புறம் மறுபடி மல்லிகை. தெருவில் பூக்கடைகள் பெருகிவிட்டனவே, வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே போனேன். மறுபடி கற்பூரம். மறுபடி மல்லிகை.

எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஓர் அம்மாள், மூச்சு வாங்க, "அங்கிள், என்ன வேண்டுதல்?" என்றார்.

"வேலைக்குப் போகணும்."

"அப்படியா? இந்தப் பிள்ளையார் கண்டிப்பா கொடுப்பாரு. என் மகனும் வேலை இல்லாம சும்மாதான் இருக்கான். நானும் உங்க பின்னாலயே சுத்துறேன்."

நான் மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் இன்னும் சில செருப்புகள் சேர்ந்துகொண்டன. ஒருவர் என் கையில் தேங்காயைத் திணித்தார். இன்னொருவர் "சாமி, இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு" என்று கைபேசியில் படமெடுத்தார். அன்று தேங்காயோடு கடைக்குத் தாமதமாகப் போனேன், அதுவும் பூக்கடை அக்கா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டதால்.

மத்தியானமே மகளின் அழைப்பு வந்தது. "என்னப்பா ஆச்சு உங்களுக்கு? குடும்ப குரூப்ல உங்க வீடியோ சுத்துது. நீங்க முன்னால போறீங்க, பின்னால ஒரு கூட்டம் ஆன்டிங்க வர்றாங்க. கீழ 'பிரிக்பீல்ட்ஸ் சாமியார்'னு போட்ருக்காங்க."

நான் விளக்கினேன். சொல்லச் சொல்ல அது எனக்கே நம்பும்படியாக இல்லை. "மாசக் கடைசில வரேன். என் கண்ணு முன்னால தனியா நடந்து காட்டுங்க. இல்லன்னா மேருதான்" என்று வைத்துவிட்டாள். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அந்த மரத்தை விட்டு வெளியே வர முடியாவிட்டால் நான் நேராக மேருவில் போய்த்தான் விழுவேன்.

சாலை வேலைக் குத்தகைக்காரரின் புகார் எண்ணுக்கு அழைத்தேன். உடல் குறை உள்ளவர்களை இங்கே ஓகேயூ என்பார்கள், மலாய்ச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. என் பக்கத்தில் சாலையைக் குடைகிற சத்தம் காதைப் பிளந்தது. "ஐ ஆம் ஓகேயூ!" என்று கத்தினேன். எதிர்முனைப் பெண், "ஐ ஆம் ஆல்சோ ஓகே, தேங்க் யூ" என்றாள். நான் மறுபடி கத்த, அவள் மறுபடி நன்றி சொல்ல, இருவரும் நலம் விசாரித்துக் களைத்துப்போனோம். கடைசியில் எங்கள் கடை முதலாளி அம்மா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அமைதியாகப் பேசி, ஆட்களை வரவழைத்தார்.

ஒரு மலாய் எஞ்சினியர் பெண்ணும், வேலையைப் பார்த்துக்கொண்ட தமிழ் மேற்பார்வையாளரும் வந்தார்கள். நான் நடக்க, அந்தப் பெண் கூடவே நடந்தாள். மல்லிகை, கற்பூரம், மல்லிகை. "அங்கிள், எங்கே போகிறோம்?" என்று மலாயில் கேட்டாள். "கிளம்பின இடத்துக்குத்தான்" என்றேன். அவள் மேற்பார்வையாளரிடம் இது என்ன என்று கேட்டாள்.

"சிக்குக் கோலம், மேடம்" என்றார் அவர், பெருமையாக.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "கோலமா? ஏன்யா?"

"இந்த இடத்துக்கு லிட்டில் இந்தியான்னு பேர் வெச்சுட்டாங்க அங்கிள். பார்க்க அழகா இருக்கணும்னு மேல இருந்து சொன்னாங்க. லோரி வந்து எறக்குன கல்லுல பாதி புள்ளி, பாதி கோடு. புள்ளியும் கோடும் கையில கொடுத்தா தமிழன் வேற என்ன பண்ணுவான்?"

"பிளான்ல என்ன இருந்துச்சு?"

"நேரா ஒரே ஒரு கோடு. மொட்டையா இருந்துச்சு அங்கிள்."

"எனக்கு மொட்டையாவே போடு லா!"

அவர் குரல் இறங்கிவிட்டது. "என் சம்சாரம் வரைஞ்சு கொடுத்த டிசைன் அங்கிள். எங்க ஆரம்பிக்குதோ அங்கயே வந்து முடியும். ஒரு இடத்துல கூட அறாது."

"அதான்யா பிரச்சினையே."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. என் பின்னால் சுற்றிய அம்மாளின் மகனுக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். "கல்லு மேல கை வெச்சா சாமி குத்தம்!" என்று அவர் சண்டைக்கு வந்தார். நான் அவரோடு சண்டை போட்டேன், அவர் பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட்டார், நான் எஞ்சினியரைத் துணைக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் பொறுமையாக எல்லாரையும் கேட்டுவிட்டு முடிவு சொன்னாள். கற்களைப் பெயர்த்து பிளானில் உள்ளபடி நேராகப் பதிப்பது. சாலை கடக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்து, விளிம்பைச் சரிவாக்குவது. கோலத்தை மரத்தைச் சுற்றிச் சாயத்தில் வரைந்துகொள்ளலாம், ஆனால் தடியில் தட்டுப்படக் கூடாது.

மேற்பார்வையாளரின் மனைவியே வந்து சாயத்தில் வரைந்தாராம். நன்றாக இருக்கிறது என்கிறார்கள், இருக்கட்டும். "நீங்க முன்னால நடக்காம நாங்க மட்டும் சுத்துனா பலிக்குமா அங்கிள்?" என்று அந்த அம்மாள் கேட்டார். நான் தடியைத் தட்டிக்கொண்டு நேராக நடந்தேன்.

மாசக் கடைசியில் மகள் வந்தாள். வாய் திறக்க மாட்டேன், கை கொடுக்க மாட்டேன், பின்னால் மட்டும் வருவேன் என்றாள். தடியை நீட்டினேன். கோடு, கோடு, கோடு. என்ன அருமையான மொட்டைக் கோடு! வழியில் எவனோ மோட்டார் சைக்கிளைக் கல் மேலேயே நிறுத்தியிருந்தான். அவனைத் திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனேன். புள்ளியில் நின்றேன், சாலையைக் கடந்தேன், கடை வாசலில் போய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினேன்.

"பாப்பா?" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லா நடக்குறீங்கப்பா" என்றாள். பிறகு, "நேத்துதான் மேருவுல உங்க ரூமுக்கு ஃபேன் மாட்டுனேன்" என்றாள்.

இத்தனை நாளும் அவள் என்னைப் பிடித்து அடைக்கப் பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு அப்பா பக்கத்தில் வேண்டும் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. அம்மாவும் இல்லாத பிள்ளை. கை நீட்டி அவள் தலையைத் தேடிப் பிடித்தேன்.

"ஞாயித்துக்கிழமை வந்து அந்த ஃபேனுக்குக் கீழ படுத்துப் பாக்குறேன்" என்றேன்.

"எப்படி வருவீங்க?"

"இங்க ரயில் ஏறி கிள்ளான்ல இறங்குறேன். அது வரைக்கும் தனியா வரேன். அதுக்கப்புறம் உன் கையப் பிடிச்சுக்கறேன்."

அவள் உடனே, "நான் பிளாட்ஃபார்ம்லயே நிப்பேன். இறங்குன இடத்த விட்டு நகரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

"நகர மாட்டேன்மா" என்றேன்.