மலைப்பாம்புக்கு எண்ணெய்க் குளியல்

பாம்பின் செதில்கள் மங்கியது நோயால் அல்ல, அது தோல் உரிக்கப் போகிறது. ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவர் இன்று காலை இதை உறுதிப்படுத்தினார்.

எனக்குச் சொன்னவர் ஹில்ஸ்பரோவில் என் பக்கத்து வீட்டுச் செல்வி. இங்கே நியூசிலாந்தில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை என்பதால், தன் மலைப்பாம்பைச் சொந்த ஊரான ஈப்போவில் தம்பியிடம் விட்டுவந்தவர். அது பளபளப்பு இழந்து, கண் வெளுத்து, இரை தொடாமல் கிடக்கிறது என்று கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

மாலையில் ஸ்பீக்கரில் தம்பியின் குரலை நானும் கேட்டேன்.

"டாக்டர் ஈரத்துணி வைக்கச் சொன்னாருக்கா. இனிமே எண்ணெய் வேணாமாம்."

"என்ன எண்ணெய்டா?"

"நல்லெண்ணெய்தான்லா. மினுமினுக்கட்டும்னு சனிக்கிழமையானா தேய்ச்சேன்."

"சீயக்காயும் போட்டியா?"

"கொஞ்சம்."

பளபளப்பைத் தருவது கூண்டின் ஈரமும் சுத்தமான தண்ணீரும்தான், எண்ணெயில் அழுக்கு ஒட்டும் என்றாராம் மருத்துவர்.

தோல் முழுதாக உரியுமா, கண்மேல் ஒட்டிக்கொள்ளுமா என்பது அடுத்த வாரக் கடைசியில் தெரியும். அதற்குள் ஒரு சனிக்கிழமை வருகிறது. எண்ணெய்ப் புட்டியை ஒளித்துவைக்கும்படி யாரிடம் சொல்லலாம் என்று செல்வி கேட்கிறார். அந்த வீட்டில் எல்லோரும் எண்ணெய் தேய்ப்பவர்கள். யோசனை இருந்தால் எழுதுங்கள்.