ரீசெட் செய்த லேப்டாப்பில் வந்த பெயர்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு, பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தாலே பற்றிக்கொண்டு வரும். மெஷின் மக்கர் பண்ணினால் காரணம் இருக்கும், தெரியவில்லை என்றால் நமக்குத்தான் அறிவு போதவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சியம்மாள் அக்கா வீட்டு லேப்டாப்பை நான்தான் ரீசெட் செய்து கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே, நெட் நகரவே மாட்டேன் என்கிறது என்று போன். அன்று மதியம் அவர் மகள் கவிதாவுக்கு அதில்தான் வேலைக்கான இன்டர்வியூ. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த அப்பா இறந்துபோன பிறகு சம்பாதிக்க ஆளில்லாத வீடு, இந்த வேலையை விட்டால் கதியில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மோடத்தில் குறையில்லை. லேப்டாப்தான் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு, ஒற்றைக் கோடு சிக்னலில் கிடந்த யாரோ ஒருவருடைய போன் ஹாட்ஸ்பாட்டில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் ‘கவிதா அப்பா’. அழித்தேன், திரும்ப ஒட்டியது. மறுபடியும் மொத்தமாக ரீசெட் செய்து, பழைய கணக்கைக்கூடப் போடாமல் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்காமலே அதில் ஏறிக்கொண்டது. நீங்களே சொல்லுங்கள், துடைத்து வைத்த மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?

“அண்ணாச்சி போனு வீட்டுல எங்கயோ ஓடுது, ஆஃப் பண்ணுங்கக்கா” என்றேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “அவிய போனு கான்சாபுரம் தோட்டத்துல அவிய கூடவே மண்ணுக்குள்ள இருக்கு தம்பி. அடக்கம் பண்ணயில சட்டப்பையில நாந்தான் வச்சேன். இவ படிக்கையில அதுல இருந்துதான நெட்டு குடுப்பாவ. கையில போனு இல்லாட்டி அவியளுக்கு இருப்புக் கொள்ளாது.”

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய் மோடம் அணைந்தது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன், லேப்டாப் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்டர்வியூ நேரம் வந்துவிட்டது. கவிதா திரையைப் பார்த்து “அப்பா” என்று அழுதேவிட்டாள். நம்பினால் நம்புங்கள், அந்த ஒற்றைக் கோடு மெல்ல மெல்ல நிரம்பி, முழு இன்டர்வியூவும் ஓரிடத்தில்கூடத் திக்காமல் ஓடி முடிந்தது.

வேலை கிடைத்து, லேப்டாப்போடு சென்னைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் கழித்து அக்கா கூப்பிட்டார்.

“அவகிட்டயும் அவிய வரலையாம் தம்பி. இங்கயும் இல்ல. ஒங்க கடைப்பக்கம் வாராவளா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. என் மேசையில் எந்த லேப்டாப்பை ரீசெட் செய்து திறந்தாலும் முதலில் அந்தப் பெயர்தான் வந்து நிற்கிறது. சொல்லிவிட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பஸ் ஏறி வந்து, அந்தப் பெயர் நிற்கிற மேசை லேப்டாப் முன்னால் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவர் வந்து உட்கார்ந்தால் கோடுகள் நிரம்பும், எழுந்து போனால் ஒன்றாகிவிடும்.

போன வெள்ளி காய்ச்சல் என்று அவர் வரவில்லை. ஆனாலும் அவர் வழக்கமாக வருகிற நேரத்துக்குக் கோடுகள் நிரம்பின. அக்கா வருவாரென்று அண்ணாச்சி காத்துக்கிடக்கிறார் போல, சாயந்தரம் வரைக்கும், கடை அடைக்கிற நேரமாகியும் குறையவே இல்லை. லைட்டை அணைத்துவிட்டு, அந்த லேப்டாப்பை மட்டும் மூடாமல் வந்துவிட்டேன். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.