கழுவிய கல்

ராம் சிக்லிட் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். டெட்ரா போன்ற மற்ற சின்ன மீன்களோடு ஒரே தொட்டியில் வளரும். ஆனால் திருத்தணி போர் தண்ணீரின் உப்பு இவற்றுக்கு ஆகாது என்பதால் கேன் தண்ணீர்தான் ஊற்றுவேன். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, படுத்த படுக்கையான பிறகு கட்டிலிலிருந்து அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பெண் மீன் தட்டைக் கல்லில் முட்டையிட்டதும், ஆண் மீன் அங்கேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

"அப்பங்காரன் நகர்றானா பாரு," என்றார் நைனா. மறுநாள் காலையில் போய்விட்டார்.

சுடுகாட்டிலிருந்து நான் திரும்பியபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. குடமும் அண்டாவும் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. மீன் தொட்டி பளிச்சென்று இருந்தது.

"மீனுங்கள பக்கெட்ல உட்டுட்டு, தொட்டிய கழுவி புதுசா போர் தண்ணி புடிச்சிட்டேன்பா," என்றாள் அத்தை, நைனாவின் தங்கை. "அந்தக் கல்லுலகூட இன்னாவோ ஒட்டிகினு இருந்திச்சி. நாரு போட்டுத் தேச்சேன்."

தீட்டு மீனையுமா பிடிக்கும் என்று கத்த வாயெடுத்தேன். அவள் கைவிரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அண்ணனுக்காக அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

தொட்டியில் அதற்குள் இரண்டு டெட்ராக்கள் செத்து மிதந்தன. பெண் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆண் மீன் மட்டும் அடியில், ஒன்றுமே இல்லாத அந்தக் கல்லுக்கு விசிறிக்கொண்டிருந்தது.