சுத்தியலுக்கு அடியில் ஒரு கட்டை

நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

நான் நீராவிச் சுத்தியல் ஓட்டுகிறவன். ஒன்றரை டன் இரும்புத் தலையை லீவரால் ஏற்றி இறக்குவது என் வேலை. பழுத்த இரும்பை அதனடியில் பிடிப்பவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் பத்து வருஷமாக அப்படித்தான் கூப்பிட்டேன். அடிமேடையைத் துடைக்க அவர் கை விடும் முன், சுத்தியல் தலை இறங்காமலிருக்க நான் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். அவர் "கட்டை?" என்பார். நான் "வச்சாச்சு" என்பேன்.

போன வருஷம் ஒருநாள், வைக்காமலே "வச்சாச்சு" என்றேன். வெறும் வாய்ப்பழக்கம். அண்ணனின் வலது கை முழங்கை வரை போய்விட்டது.

விசாரணையில், "அவரு கேக்கவே இல்ல சார், அவசரத்துல கைய விட்டுட்டாரு" என்றேன். சுவரோரம் சும்மா கிடந்த கட்டையை யாரும் பார்க்கும் முன் உலையில் போட்டு எரித்திருந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். பழி அவர் மேலேயே நின்றது. அண்ணி முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல், அவர்கள் தெருப் பக்கமே போவதை விட்டேன்.

இந்த வருஷம் கொதிகலன் சுத்தம் செய்யும் விடுமுறை. மூன்று நாளாக நெருப்பே இல்லை. சுத்தியல் தலையைச் சங்கிலியில் தூக்கிக் கட்டியிருந்தோம். இப்போதெல்லாம் இரும்பு முட்டுதான். அது ஃபோர்மேன் பீரோவில், சாவி அவர் இடுப்பில். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அடிமேடையைத் துடைக்கிற அஞ்சு நிமிஷ வேலைக்கு அவரை எதற்குக் கூப்பிடுவது என்று நினைத்தேன். பட்டும் புத்தி வரவில்லை எனக்கு.

மணி பதினொன்று பதினெட்டு. ஷெட்டில் நான் மட்டும். 'உஸ்ஸ்...' என்று நீராவி விடும் சத்தம். கொதிகலனைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

ஆணியில் தொங்கிய அண்ணனின் இடுக்கி லேசாக ஆடியது. காற்றே இல்லை.

பதினொன்று இருபது. துணியோடு குனிந்தேன். பழக்கதோஷம்... "கட்டை?" என்று என் வாய் தானாகக் கேட்டது.

"வச்சாச்சு."

லீவர் பக்கமிருந்து. நான் எப்போதும் நிற்கும் இடத்திலிருந்து...

கை உள்ளே போய்விட்டது.

சங்கிலி அறுந்தது.

டம்.

கண்ணைத் திறந்தேன். விரல் ஐந்தும் இருந்தன. சுத்தியல் தலைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு மரக்கட்டை நின்றது. கட்டையின் பக்கவாட்டில், அண்ணன் எப்போதோ இடுக்கியால் சுட்ட வளைந்த தழும்பு. நான் எரித்த அதே கட்டை.

ஃபோர்மேன் ஓடி வந்தார். "மரக்கட்டை எங்கேர்ந்துடா வந்துச்சு?"



மறுநாள் ஆபீஸில் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அப்புறம் அண்ணி சொன்னார்.

"ஆஸ்பத்திரில கண்ணே திறக்கல அவரு. ஆனா ஒண்ணையே சொல்லிட்டிருந்தாரு. யாருகிட்ட பேசுறாருன்னு எங்களுக்குப் புரியல."

"என்ன சொன்னாரு அண்ணி?"

"'வச்சாச்சு தம்பி, கைய உள்ள விடு.' மூணு நாளும் இதேதான். மூச்சு நிக்கிற வரைக்கும்."