மதர்போர்டில் விழுந்த திருநீறு

அந்தச் சனிக்கிழமை கணினிக் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி ஒருவர், சீனர், அறுபதை நெருங்கியவர், எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் பதினோரு வருடமாக வேலை பார்த்த தமிழ் அண்ணன். சார்ஜருக்காகக் காத்திருந்த ஒரு மலாய்ப் பெண். என் சின்னம்மா மகள். பிறகு நான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் ஒருவர் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அவருக்குக் கேட்டிருக்காது, அதனால் அவரைச் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கைப் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஐந்து பேரில் நடந்தது என்னவென்று தெரிந்தவள் ஒருத்திதான், அது நான்.

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கள் ஊர் பாலோவிலிருந்து மூவாருக்குப் போய், மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் மரத்தூளில் நின்றேன். மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அந்த நாற்காலிகளைக் கணினியில் வரைகிறவர்களைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன் என்றும் சொல்லலாம். பிறகு கையில் இருந்ததைப் போட்டு, ஸ்கூடாயில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் அந்த வரைகலையைப் படிக்கச் சேர்ந்தேன். தங்கியது சின்னம்மா மகளின் வாடகை அறையில். நிலையத்தில் பதினான்கு பேருக்கு எட்டுக் கணினிகள். வீட்டுப்பாடத்துக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மென்பொருளைத் தாங்கும் மடிக்கணினி விலையைக் கேட்டேன், கேட்டதோடு சரி. சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டினால் பாதி விலைக்கு முடியும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். என்னிடம் இருந்தது மலேசியக் காசில் ஆயிரத்து அறுநூறு வெள்ளி.

நான் பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். ஒரு பள்ளிக்கூட நோட்டில் சாமான்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, பதினேழு பக்கம் ஓடிவிட்டது. கடை வாசலை இரண்டு நாள் கடந்து போய்விட்டு மூன்றாம் நாள்தான் உள்ளே நுழைந்தேன்.

அண்ணன் முன்மேசையில் நின்றார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் மூன்று கோடு திருநீறு, நடுவில் சந்தனம். என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"யூனிவர்சிட்டியா மா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். யூனிவர்சிட்டிப் பிள்ளை, கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று உள்ளே பார்த்து மலாயில் சொன்னார். தவுக்கே மொத்தத்தில் ஐம்பது வெள்ளி குறைப்பதாகச் சொன்னார். ஏற்றுக்கொண்டேன்.

"கிராபிக்ஸ் கார்டு எழுதியிருக்கீங்க. கேம் விளையாடுவீங்களா?"

"இல்லண்ணே. நாற்காலி வரையணும்."

"நாற்காலிக்கு எதுக்குமா அது. இந்தப் புரோசசர எடுங்க, படம் காட்டுறது உள்ளயே இருக்கு. கார்டு காசு மிச்சம் லா. அதுல மெமரிய ரெண்டு மடங்கு போட்டுக்கலாம்."

பென்சிலால் அடித்துக்கொண்டே போனார். மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்கு நான் இருப்பதிலேயே மலிவானதை எழுதியிருந்தேன், அறுபத்தைந்து வெள்ளி.

"இதப் போட்டா வெடிக்கும்னு சொல்ல மாட்டேன்," என்றார். "வெடிக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

எனக்கு அது போதும். நூற்று நாற்பதுக்கு உள்ளதை எடுத்தேன். சாமான்களை அடைக்கும் கூடுகளில் வண்ண விளக்கு எரியும் கண்ணாடிக் கூட்டைக் காட்டி, அது என்ன விலை என்று கேட்டேன். "தீபாவளிக்கு வீட்டுல லைட்டு போட மாட்டீங்களா? அப்ப பாத்துக்கலாம்," என்று ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். ஓரத்தில் கீறல் விழுந்த பழைய திரை ஒன்றை நூற்று இருபதுக்கு முடித்துக் கொடுத்தார். மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து.

மதர்போர்டைக் கொடுக்கும்போது அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. புரோசசர் உட்காரும் இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பின்கள், முடியைவிட மெல்லியவை, நட்டுக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. வாங்குகிறவர் முன்னால் மூடியைத் திறந்து, விளக்கில் காட்டி, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் பின் வளைந்தால் யார் வளைத்தது என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. அண்ணன் போர்டைக் கையில் தூக்கி, முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, விளக்கடியில் காட்டினார்.

"பாத்துக்குங்க மா. எஸ்டேட்டுல செம்பனை நட்ட மாதிரி வரிசையா நிக்குது."

பார்த்தேன். ஒன்றுகூட சாயவில்லை. அவர் போனை எடுத்தார். அப்போதுதான் நான் இடியைப் பற்றிக் கேட்டேன். சாயங்காலமானால் இடி இடிக்கிறதே, கரண்டு அடித்துவிட்டால் வாரண்டி உண்டா, வாடகை வீட்டில் எர்த் கம்பி இல்லையென்றால் என்ன செய்வது. அவர் போனைச் சட்டைப்பைக்குள் விட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்றார். பேசிக்கொண்டே மூடியைப் போட்டார். படம் எடுக்கவில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். ஏற்கனவே அவரை அரை மணி நேரம் நிறுத்திவைத்தாயிற்று, இன்னும் எதற்குத் தொந்தரவு என்று சொல்லவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. பூட்டுவதற்கு வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று காத்திருந்தேன். அதற்குள் நான்கு தடவை மூடியைத் திறந்து பின்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தேன். திறக்கத் திறக்கத்தான் ஆபத்து என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னம்மா மகள் பேரங்காடியில் கல்லா வேலைக்குப் போய்விட்டாள். குளித்துவிட்டுத் தரையில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எந்தச் சாமானும் ஓடியதில்லை. மோட்டார் சைக்கிள், துணி துவைக்கும் மெஷின், ரைஸ் குக்கர் எல்லாம் திருநீறு பூசிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கின. பாலோ கோயிலிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட திருநீற்றுப் பொட்டலம் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். தகரப் பெட்டிக்கு வைத்தேன், திரைக்கு வைத்தேன். மதர்போர்டுதான் எல்லாவற்றுக்கும் தாய் என்கிறார்களே, அதற்கு வைக்காமல் விடலாமா. ஐந்தாவது தடவையாக மூடியைத் திறந்தேன். சுற்றியிருக்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு கோடு இழுக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். மேசை விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. விரலில் இருந்த அத்தனையும் பின்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஊதினேன், போகவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டேன். பஞ்சு ஒரு பின்னில் மாட்டியது. இழுத்தேன். இழுத்திருக்கக்கூடாது. எடுத்துப் பார்த்தபோது ஓர் ஓரத்தில் நாலைந்து பின்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடந்தன.

அங்கே நிறுத்தியிருந்தால் இவ்வளவும் எழுத வேண்டியதில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று புரோசசரை அதன் மேல் வைத்து அழுத்திப் பூட்டினேன். மற்றதையெல்லாம் வீடியோ பார்த்து மாட்டி, சுவிட்சைத் தட்டினேன். பெட்டிக்குள் இருந்த விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி சுற்றி நின்றது. லேசாக ஒரு கருகல் வாடை.

சாயங்காலம் சின்னம்மா மகள் வந்தாள்.

"என்னக்கா, ஓடுதா?"

"ஓடல."

"ஏன், என்ன ஆச்சு?"

"தெரியல."

"அலமாக். காச எண்ணி வாங்கிக்கிட்டு ஓடாத சாமான குடுத்திருக்கான் பாரு. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும், கேக்கத் தெரியாத ஆளுன்னு. நாளைக்கு எனக்கு லீவு. வா, நான் கேக்குறேன்."

அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு வாய் உண்டு. போகலாம் என்றேன்.

மறுநாள் கடையில் தவுக்கே புரோசசரைக் கழற்றிவிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு போர்டை விளக்கின் கீழ் திருப்பினார். வளைந்த பின்களைப் பார்த்தார். கருகிய புள்ளியைப் பார்த்தார். பிறகு நடுவில் இருந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு, இது என்ன என்று மலாயில் கேட்டார்.

சின்னம்மா மகள் குனிந்து மோந்தாள். நிமிர்ந்து அண்ணனின் நெற்றியைப் பார்த்தாள்.

"இது திருநீறு லா. அண்ணே, இந்தக் கையகலப் பட்டையப் போட்டுக்கிட்டு போர்டு மேல குனிஞ்சா கொட்டாம என்ன செய்யும்? தொடைக்கிறேன்னு பின்னயும் வளைச்சிட்டீங்க, அப்படித்தானே?" அதையே தவுக்கேவுக்கு மலாயிலும் சொன்னாள்.

"நான் குனியல மா. தூக்கித்தான் காட்டினேன்," என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பாத்தீங்களே மா. எல்லாம் நேரா இருந்திச்சே."

படம் எங்கே என்று தவுக்கே கேட்டார். அண்ணன் போனைத் தடவினார். எடுக்கவில்லை என்றார். மலாய்ப் பெண் என்னைப் பார்த்தாள். தவுக்கே என்னையே நேராகக் கேட்டார், அன்று நீ பார்த்தாயா, பின்கள் நன்றாக இருந்தனவா என்று.

"தாக் இங்காட்," என்றேன். ஞாபகம் இல்லை.

எனக்கா ஞாபகம் இல்லை. ஆறாம் வகுப்பில் எந்தக் கணக்கில் எத்தனை மதிப்பெண் போயிற்று என்று இன்றைக்கும் சொல்வேன். தோளில் தொங்கிய கைப்பைக்குள் பொட்டலம் இருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தவுக்கே அண்ணனிடம் சொன்னது இப்போதும் கேட்கிறது. யூனிவர்சிட்டியில் படிக்கிற பெண், நீதானே சொன்னாய், அவள் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்.

புதுப் போர்டு வந்தது. அண்ணன்தான் பூட்டிக் கொடுத்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு டிஷ்யூ எடுத்து நெற்றியை அழுந்தத் துடைத்தார். மூன்று கோடும் போய், சந்தனமும் போய், நெற்றி சிவந்துபோயிற்று. புரோசசருக்கு ஒன்றும் ஆகவில்லை, திரையில் எழுத்து வந்தது. "பாத்தியா, கேட்டாத்தான் கிடைக்கும்," என்று சின்னம்மா மகள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கணினியில் நாற்காலிகள் வரைந்தேன். ஆசிரியர் நன்றாக இருக்கிறது என்றார். ஒரு மாதம் கழித்து மௌஸ் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். முன்மேசையில் புதிதாக ஒரு பெண் நின்றாள். அண்ணன் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"உள்ள இருக்காங்க, தூசி தட்டுற வேலை. போர்டு ஒண்ணக் கெடுத்துட்டாங்களாம். முந்நூத்தி எம்பது வெள்ளி சம்பளத்துல புடிச்சாங்க. இனிமே கஸ்டமர் முன்னால நிக்க வேணாம்னு சொல்லிட்டாரு தவுக்கே."

அண்ணன் ஏதோ எடுக்க வெளியே வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"ஓடுதா மா?"

"ஓடுதுண்ணே."

"இடி இடிச்சா பிளக்கப் புடுங்கிடுறீங்கல்ல?"

புடுங்கிடுறேன் என்றேன். மௌஸைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தேன்.

அன்றே சின்னம்மா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "என் வாய வச்சு நீ பேசிட்டியேக்கா," என்றாள். "அந்த மனுசன் நெத்தியக் காட்டி நான் பேசினேன்." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "கெளம்பு. நான் கூட வரேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன், நீதான் பேசணும்," என்றாள்.

பேசினேன். எனக்குத் தெரிந்த மலாயில், பாதியில் தமிழும் கலந்து. பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். விசிறி, பஞ்சுக் குச்சி, கருகல் வாடை எல்லாவற்றையும் சொன்னேன். நான் யூனிவர்சிட்டி இல்லை என்றும் சொன்னேன். அதற்குத் தவுக்கே தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அண்ணனைக் கூப்பிட்டார். இழுப்பறையைத் திறந்து முந்நூற்று எண்பது வெள்ளியை எண்ணி அவர் கையில் கொடுத்தார். அவர் தோளை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பில் புத்தகத்தை எடுத்து என் பெயரைக் கேட்டார். அந்த முந்நூற்று எண்பதை மாதம் நாற்பதாகக் கட்டு என்றார்.

நான் அண்ணனைப் பார்த்து மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். அவர் பணத்தை மடித்துக்கொண்டே பேசினார், குரலை உயர்த்தவில்லை.

"பின்னு சாஞ்சா நிமித்திடலாம் மா. எனக்கு அது அஞ்சு நிமிச வேலை, காசுகூட வாங்கியிருக்க மாட்டேன். கரண்டு விட்டு அது கருகின பிறகுதான் ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கு அப்படியே தூக்கிட்டு வந்திருக்கலாமே."

வந்திருக்கலாம். கடை எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் பத்து நிமிடம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவி அதிலிருந்து கட்டுகிறேன். ஒவ்வொரு மாதமும் நேரில் போய்த்தான் கொடுக்கிறேன். போனில் அனுப்பினால் போதும் என்று தவுக்கே சொன்னாலும். அண்ணன் மறுபடி முன்மேசையில் நிற்கிறார், போர்டு காட்டுகிறார், மறக்காமல் படம் எடுக்கிறார். ரசீதை நீட்டும்போது நான் அவர் நெற்றியைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைகளில்கூட அங்கே ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஐந்து மாதம் கட்டிவிட்டேன். பாக்கி நூற்று எண்பது வெள்ளி.