கழுவிய முகம்

"…முகத்தைப் பாத்து வரிசை பிரிக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு, சயா? அந்தப் பக்கத்தைக் காட்டுங்க. நானே முதல் ஆளாப் போய் நிக்கிறேன்."

அத்தை இதை எழுத்தரிடம் பர்மா மொழியில்தான் கேட்டாள்; சயா என்றால் ஐயா. குரலை உயர்த்தவில்லை, கடைத்தெருவில் கீரை விலை விசாரிக்கிற குரல். ஆனாலும் அந்த அலுவலகக் கூடத்தில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

எனக்கு அப்போது பத்து வயது. யாங்கோனில் பத்து வயதானால் அடையாள அட்டை எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னாளில் படிப்பு, வேலை, பயணம் எல்லாமே இழுபறிதான். அதற்காக அம்மாவும் நானும் கிளம்ப, அப்பாவின் அக்கா துணைக்கு வந்தாள். மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் எங்கள் தெருத் தமிழ்ப் பெண்களில் முதன்முதலாக வக்கீலின் கறுப்புக் கோட்டு போட்டவள் அவள். தேநீர்க் கடைக்காரர் அவளைக் கண்டால், "கோர்ட்டே நடந்து போகுது பாரு" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

தப்பு அம்மாவுடையது, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு. என் முகத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசி, "இன்னும் கொஞ்சம் வெளுப்பா வர்ற மாதிரி பண்ணு தம்பி" என்று ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சி வாங்கிய படம். அதில் இருந்தவள் சோப்பு விளம்பரத்துப் பெண்.

சன்னலில் இருந்த எழுத்தர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது இந்தப் பிள்ளை இல்லை. கலாமா, நீ அந்த வரிசை" என்று கையை நீட்டினார். எங்கள் நிறத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் ஆசையாகக் கூப்பிடுவதில்லை. அந்த வரிசை சுவரோரம் நின்றது. இந்த நாட்டுக்காரர்தான் என்று நிரூபிக்க, தாத்தாவின் காகிதம், அவருடைய அப்பாவின் காகிதம் என்று பையில் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் நடப்பவர்கள். எல்லாருக்கும் எங்கள் முகம்.

"வேணாம் அண்ணி, அங்கயே நின்னுடலாம்," என்று அம்மா அத்தையின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டது.

எழுத்தர் தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். இல்லாத பக்கத்தை எப்படிக் காட்டுவார்? கடைசியில், "படம் பிள்ளை மாதிரி இருக்கணுமே, சயாமா" என்றார். டீச்சருக்குக் கொடுக்கிற மரியாதை!

"அது நியாயம். படம்தான் பொய், பிள்ளை நிஜம். புதுப் படத்தோட இதே சன்னலுக்கு வர்றோம்."

முற்றத்துக் குழாயடியில் அத்தை, "மூஞ்சியக் கழுவு" என்றாள்.

"மாட்டேன். கறுப்பா வருவேன்," என்று அழுதேன்.

கோர்ட்டுக்குப் போகும்போதுகூட அத்தையின் கன்னத்தில் தனாக்கா இருக்கும், அளவெடுத்த மாதிரி. அது இல்லாமல் வீட்டில்கூட அவளை நாங்கள் பார்த்ததில்லை. கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். குனிந்து தண்ணீரை வாரி வாரித் தன் முகத்தைக் கழுவினாள், துளிப் பூச்சு மிஞ்சாமல். அம்மா கோட்டை மார்போடு அணைத்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படம் எடுக்கப் போவது என்னை. அத்தை ஏன் கழுவுகிறாள், அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் கழுவியதால் நானும் கழுவினேன், அவ்வளவுதான்.

அத்தை முகத்தைத் துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கோட்டை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து, புதுப் படம் எடுக்கக் கூடத்து வழியாகவே, அந்தச் சுவரோர வரிசைக்கு எதிரிலேயே, ஒவ்வொருவரும் பார்க்கும்படி மெதுவாக நடந்தாள்.